இமயமலையில் இயற்கை, பண்பாடு, சாகசம் மூன்றும் ஒரே பயணத்தில் கிடைக்க எங்கே போகலாம்?

என் பதில் ஸ்பிட்டி. இமாசலப் பிரதேசத்தில், திபெத் எல்லையை ஒட்டி இருக்கும் குளிர்ப் பாலைவனம். எங்கே போவது என்பதைவிட எந்த வழியாகப் போவது என்பது இங்கே முக்கியம். தயவுசெய்து மணாலி வழியாக நுழையாதீர்கள். சிம்லா, கின்னௌர் வழியாக ஏறுங்கள்.

2020இல் அடல் சுரங்கப்பாதை திறந்ததிலிருந்து மணாலியில் காலையில் கிளம்பி இரவுக்குள் ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காசா போய்விடலாம் என்று எல்லோரும் அந்த வழியைத்தான் பிடிக்கிறார்கள். ஆனால் மணாலி சுமார் 2,000 மீட்டர் உயரம். வழியில் குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கும் மேல். ஒரே நாளில் இவ்வளவு ஏறினால் உடம்பு தாங்காது. தலைவலி, வாந்தி என்று முதல் இரண்டு நாளும் அறையிலேயே போய்விடும்.

கின்னௌர் வழியில் சராஹன், கல்பா, நாகோ என்று தங்கித் தங்கி ஏறலாம். உடம்பும் பழகும், ஊர்கள் மாறுவதையும் கண்ணால் பார்க்கலாம். சராஹனில் கல்லும் மரமும் மாறிமாறி அடுக்கிக் கட்டிய பீமாகாளி கோயில். கல்பாவில் ஆப்பிள் தோட்டத்துக்கு எதிரே கின்னர் கைலாச மலை. பூ என்ற ஊரைத் தாண்டினால் பச்சை குறைந்துகொண்டே வரும். காப் என்ற இடத்தில் ஸ்பிட்டி ஆறு சட்லஜில் கலக்கிறது. அதற்கப்புறம் மரக் கோயில்கள் போய், மண் ஸ்தூபிகளும் பிரார்த்தனைக் கொடிகளும் வந்துவிடும்.

தாபோவில் ஒரு நாளாவது தங்குங்கள். 996இல் நிறுவிய பௌத்த மடாலயம் இருக்கும் ஊர் அது. மடாலயம் வெளியிலிருந்து பார்த்தால் வெறும் மண் கட்டடம். படம் எடுக்க அனுமதி இல்லை, உள்ளே வெளிச்சமும் மிகக் குறைவு. கண் பழகக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். சுவரின் பாதி உயரத்தில், நான்கு பக்கமும், ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான சுதைச் சிற்பங்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். அவற்றுக்குக் கீழே சுவர் முழுக்க ஓவியம். இமயமலையில் நான் பார்த்ததிலேயே என்னை அதிகம் உலுக்கிய இடம் இதுதான்.

சாகசம் என்றால் பைக் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். தங்கர் என்ற ஊரிலிருந்து மேலே உள்ள ஏரிக்கு நடந்து ஏறுங்கள், மூச்சு வாங்கும். லாங்சா, ஹிக்கிம், கோமிக் மூன்று ஊர்களையும் காரில் ஒரே மதியத்தில் சுற்றிவிட்டு வராமல் நடந்தே போகலாம். மூன்றுமே 4,300 மீட்டருக்கு மேல். லாங்சாவில் கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைக்கும், இந்த மலையே ஒரு காலத்தில் கடலடித் தரை. யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள், அவை அங்கேயே இருக்கட்டும்.

தங்குவதற்கு ஓட்டலைவிட வீடுகள்தான் நல்லது. குளிருக்கு எல்லோரும் சமையலறை இரும்பு அடுப்பைச் சுற்றித்தான் உட்காருவார்கள், உங்களுக்கும் அங்கே இடம் கிடைக்கும். வறட்டி எரியும், மேலே தூக்பா என்ற நூடுல்ஸ் சூப் கொதிக்கும். கழிப்பறையில் தண்ணீர் இருக்காது, மண்ணை அள்ளிப் போட வேண்டும். முகம் சுளிக்காதீர்கள். அந்தக் கழிவு மக்கி, பார்லியும் பட்டாணியும் விளையும் வயலுக்கு எருவாகப் போகிறது. பனி உருகி வரும் வாய்க்கால் தண்ணீரை நம்பி வாழ்பவர்கள் அவர்கள், நாமும் அளந்துதான் செலவு செய்ய வேண்டும்.

சரி, நடைமுறைக்கு வருவோம். ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை போகலாம். ஜூலை, ஆகஸ்டில் கின்னௌரில் மண்சரிவு அதிகம் என்பதால் எனக்குப் பிடித்தது செப்டம்பர்தான். பத்து நாளாவது ஒதுக்குங்கள். காசாவில் ஏடிஎம்மை நம்பாமல் பணமாகவே கொண்டு போங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனால் மேலே ஏறவே கூடாது, உடனே இறங்கிவிடுங்கள். திரும்பும்போது குன்சும் திறந்திருந்தால் சந்திரதால் ஏரியைப் பார்த்துவிட்டு மணாலி வழியாக இறங்கலாம். அதற்குள் உடம்பு பழகியிருக்கும்.