ஐந்தாவது ஆள் எங்கே? அமெரிக்கக் கல்லூரி ஓட்டக்களம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2021 நவம்பரில் டாலஹாசியில் நடந்த என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) கிராஸ் கண்ட்ரிப் போட்டியில், அதாவது புல்லிலும் மண்ணிலும் ஓடும் நெடுந்தூர ஓட்டத்தில், முதலில் வந்தவர் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் கானர் மான்ட்ஸ். ஆனால் அணிப் பட்டம் நார்தர்ன் அரிசோனாவுக்குப் போனது. அதே ஆண்டு மார்ச்சில் நடந்த போட்டியிலும் இதே கதைதான். முதல் ஆளை வைத்திருக்கும் அணி எப்படித் தோற்கிறது?

பதில்: கிராஸ் கண்ட்ரியில் யார் எத்தனையாவதாக வந்தார் என்பதுதான் புள்ளி. குறைந்த கூட்டுத்தொகை வைத்திருக்கும் அணி ஜெயிக்கும். ஒரு கல்லூரிக்கு ஏழு பேர் ஓடலாம், முதல் ஐந்து பேரின் இடங்களை மட்டும் கூட்டுவார்கள். ஒன்று முதல் ஐந்து வரை ஒரே அணி பிடித்தால் 15 புள்ளி. அதற்குக் கீழே போக வழியில்லை.

இரண்டு அணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அணிக்கு 1, 2, 3, 4, 40 என்று இடங்கள், மொத்தம் 50. இரண்டாவது அணி 7, 8, 9, 10, 11, மொத்தம் 45. முதல் நான்கு இடங்களையும் பிடித்த அணி தோற்றுவிட்டது. 40-ஆம் இடத்தில் வந்த அந்த ஐந்தாவது ஆள்தான் காரணம். நட்சத்திர வீரர் எவ்வளவு முன்னால் போனாலும் அணிக்கு அவரால் குறைவது சில புள்ளிகள்தான். ஐந்தாவது ஆள் தளர்ந்தால் ஏறுவது பல பத்து புள்ளிகள். 2023, 2024 இரண்டு ஆண்டும் தனிநபர் பட்டம் ஹார்வர்டின் கிரஹாம் பிளாங்க்ஸுக்கு. அணிப் பட்டம் இரண்டு முறையும் வேறு கல்லூரிகளுக்கு.

ஆறாவது, ஏழாவது ஆட்கள் சும்மா ஓடுவதில்லை. அவர்கள் இடம் தங்கள் அணியின் கூட்டுத்தொகையில் சேராது, ஆனால் எதிரணியின் ஐந்தாவது ஆளுக்கு முன்னால் வந்தால் அவரை ஆளுக்கு ஓர் இடம் பின்னுக்குத் தள்ளுவார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: அணியாக இல்லாமல் தனியாகத் தகுதி பெற்று வந்தவர்களை நீக்கிவிட்டு, மீதிப் பேருக்குப் புதிதாக வரிசை எண் போட்ட பிறகே கூட்டுவார்கள். முடிவுப் பட்டியலில் 62-ஆம் இடம் என்று இருப்பவர் அணிக் கணக்கில் 50-ஆம் இடமாக இருப்பது இதனால்தான். பட்டியலை அப்படியே கூட்டிப் பார்த்துவிட்டுத் தப்பு நடந்திருக்கிறது என்று பலர் கொதிப்பதற்கும் இதுவே காரணம்.

கேள்வி: புள்ளிகள் சமமாகிவிட்டால்?

பதில்: 2022-இல் ஸ்டில்வாட்டரில் அதுதான் நடந்தது. சொந்த மைதானத்தில் ஓடிய ஓக்லஹோமா ஸ்டேட் 83, நார்தர்ன் அரிசோனாவும் 83. கல்லூரி விதிப்படி முதல் ஆளை எதிரணியின் முதல் ஆளோடு, இரண்டாவது ஆளை இரண்டாவது ஆளோடு என்று ஐந்து ஜோடிகளாக ஒப்பிடுவார்கள். மூன்று ஜோடிகளில் முந்திய நார்தர்ன் அரிசோனாவுக்குப் பட்டம். அமெரிக்கப் பள்ளிப் போட்டிகளில் விதி வேறு. அங்கே ஆறாவது ஆள் யாருடையவர் முன்னால் வந்தார் என்று பார்ப்பார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்த ஆண்டு சார்லட்ஸ்வில்லில் ஓக்லஹோமா ஸ்டேட் 49, நார்தர்ன் அரிசோனா 71. கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதே நாளில் பெண்கள் பிரிவில் நார்த் கரோலினா ஸ்டேட் 123, நார்தர்ன் அரிசோனா 124. ஒரே ஒரு புள்ளி! 2001-இலும் இப்படித்தான் ஆண்கள் பிரிவில் கொலராடோ 90, ஸ்டான்ஃபோர்ட் 91. நடுக்கூட்டத்தில் ஒரே நொடிக்குள் இரண்டு மூன்று பேர் கோட்டைக் கடப்பார்கள். கடைசி ஐம்பது மீட்டரில் யாரோ ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்த நேரத்தில் ஓர் ஆண்டு உழைப்பு கைமாறுகிறது. இந்த விளையாட்டின் அழகே எழுபதாவது இடத்துக்காக உயிரைக் கொடுத்து ஓடுபவர்களில்தான் இருக்கிறது. தொலைக்காட்சி அவர்களைக் காட்டுவதே இல்லை.

கேள்வி: கிராஸ் கண்ட்ரியில் கொடிகட்டிப் பறக்கும் கல்லூரிகள் ஜூன் மாத டிராக் போட்டியில் ஏன் பின்தங்குகின்றன?

பதில்: கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். டிராக்கில் முதல் எட்டு பேருக்குப் புள்ளி: 10, 8, 6, 5, 4, 3, 2, 1. ஒரு பிரிவுக்கு மொத்தம் 39. திறந்தவெளிப் போட்டியில் ஆண்களுக்கு 21 பிரிவுகள், ஆக 819 புள்ளிகள் களத்தில் இருக்கின்றன. 1500, 3000 மீட்டர் தடை ஓட்டம், 5000, 10,000 ஆகிய நான்கு மட்டுமே நெடுந்தூரக்காரர்களின் சொத்து. 156 புள்ளி, ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. மீதியில் பெரும்பாலானவை குறுந்தூரம், குறுந்தூரத் தடை ஓட்டம், தாண்டுதல், எறிதல், ரிலே. உள்ளரங்கில் 17 பிரிவுகள்தான். அதில் மைல், 3000, 5000, தொலைதூர மெட்லி ரிலே (நால்வர் வெவ்வேறு தூரம் ஓடுவது) என்று நான்கு இருப்பதால் பங்கு கொஞ்சம் கூடும். 2024 உள்ளரங்கில் 3000, 5000 இரண்டையும் வென்ற நிக்கோ யங் ஒருவரே நார்தர்ன் அரிசோனாவுக்கு 20 புள்ளி கொண்டுவந்தார்.

கிராஸ் கண்ட்ரி, டிராக் என்று இரண்டு பக்கமும் ஆண்டவர் ஆர்கன்சாவின் பயிற்சியாளர் ஜான் மெக்டானல். கிராஸ் கண்ட்ரியில் 11, உள்ளரங்கில் 19, திறந்தவெளியில் 10 என 40 தேசியப் பட்டங்கள் அவர் பெயரில் இருக்கின்றன. நெடுந்தூரத்தை முதுகெலும்பாக வைத்து, தாண்டுதலுக்கும் குறுந்தூரத்துக்கும் தரமான ஆட்களைச் சேர்த்தார். ஒரே கல்லூரிக்குள்ளேயே நெடுந்தூரக்காரர்களும் குறுந்தூரக்காரர்களும் ஒரே நிதிக்குப் போட்டி போடுவதுண்டு. வெளியே தெரியாத அந்தப் போட்டிதான் பல கல்லூரிகளின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

கேள்வி: அந்த நிதிக் கணக்கை விளக்குங்களேன்.

பதில்: 2025 வரை ஆண்களுக்கு 12.6, பெண்களுக்கு 18 முழு உதவித்தொகைகள்தான் உச்ச வரம்பு. கிராஸ் கண்ட்ரி, டிராக் இரண்டுக்கும் சேர்த்து இவ்வளவுதான். துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம். குண்டு எறிபவருக்குக் கொடுத்தது 10,000 மீட்டர்காரருக்குக் கிடையாது. 2025 ஜூனில் ஹவுஸ் வழக்கின் (கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது குறித்து என்.சி.ஏ.ஏ. மீது போடப்பட்ட வழக்கு) சமரசம் நீதிமன்ற ஒப்புதல் பெற்றதும், அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகை வரம்பு நீங்கி, ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது: கிராஸ் கண்ட்ரிக்கு 17 பேர், டிராக்குக்கு 45 பேர். பணம் உள்ள கல்லூரிக்கு இது லாபம். உதவித்தொகை இல்லாமல் அணியில் சேர்ந்து, மூன்று ஆண்டு பொறுமையாகத் தேறி, நான்காம் ஆண்டில் ஐந்தாவது ஆளாக நிற்கும் மாணவருக்குக் கதவு குறுகிவிட்டது. இந்த விளையாட்டுக்கு அது பெரிய இழப்பு.

கேள்வி: நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழகம் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப் போன்ற மலை ஊர்களில் பயிற்சி எடுப்பது நியாயமற்ற சாதகம் இல்லையா? எங்கள் ஓட்டக்குழுவும் மூன்று வாரம் மேட்டுநிலத்தில் தங்கலாமா?

பதில்: நியாயமற்றது என்று சொல்ல முடியாது. உயரம் உதவுவது உண்மை. ஃபிளாக்ஸ்டாஃப் ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவதால் சிறுநீரகம், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்டின் சுரப்பைக் கூட்டும். மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் அளவு மெல்ல ஏறும். ஆனால் அந்த உயரத்தில் வேகமான பயிற்சி சரியாக வராது. அதனால்தான் அங்குள்ளவர்கள் வேகப் பயிற்சிக்கு வண்டியேறி சுமார் 1300 மீட்டர் உயரத்தில் உள்ள செடோனா பக்கம் இறங்குகிறார்கள்.

போகும் முன் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் புரதம்) பரிசோதனை செய்யுங்கள். மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் கீழே இருந்தால், இரும்புச்சத்து இல்லாமல் உடல் புதிய சிவப்பணுக்களைத் தயாரிக்க முடியாது, தங்குவது வீண். மருத்துவரைக் கேட்டு, ஆறு வாரம் முன்பே மாத்திரை தொடங்குங்கள். காபி, தேநீரோடு விழுங்காதீர்கள். முதல் வாரம் கடிகாரத்தைப் பார்க்காமல் மூச்சை வைத்து ஓடுங்கள். கிலோமீட்டருக்கு 10 முதல் 20 நொடி மெதுவாகப் போவது இயல்பு. பெரும்பாலோர் கெடுத்துக்கொள்வது இங்கேதான்: கீழே ஓடிய வேகத்தையே மேலேயும் பிடிக்கப் பார்த்து, பத்தாம் நாளில் தூக்கம் கெட்டு, பசி போய், களைத்துத் திரும்புவார்கள்.

கேள்வி: எதிர்க்கல்லூரியோடு ஆண்டுதோறும் 8 கி.மீ. கிராஸ் கண்ட்ரி ஓடுகிறோம். எங்கள் முதல் ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் இடையே இரண்டு நிமிட இடைவெளி. எப்படிக் குறைப்பது?

பதில்: முதல் ஆளை மெதுவாக்கிக் குறைக்காதீர்கள். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு ஆகிய நால்வரை ஒரு கூட்டமாகக் கட்டுங்கள். வாரம் ஒரு நாள் 6 முறை 1 கி.மீ., போட்டி வேகத்தில், இடையே 90 நொடி மெது ஓட்டம். நால்வரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிக்க வேண்டும், ஒவ்வொரு கி.மீ.க்கும் முன்னோடியை மாற்றுங்கள். ஒருவர் தொடர்ந்து பிந்தினால் கூட்டத்தின் வேகத்தை 3 நொடி குறைத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி கூட்டுங்கள்.

போட்டியில் முதல் கிலோமீட்டரை இலக்கு வேகத்தைவிட 5 நொடிக்கு மேல் வேகமாக ஓடாதீர்கள். எல்லோரும் குறுகிய திருப்பத்தைப் பிடிக்கப் பாய்வார்கள்; அங்கே அடைபட்டால் பத்து நொடி போகும். எனவே முந்தைய நாளே தடத்தை நடந்து பார்த்து, முதல் திருப்பம் எத்தனை மீட்டரில், எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். காய்ந்த புல்லுக்கு 6 முதல் 9 மி.மீ. ஸ்பைக் ஆணி போதும். சேறு என்றால் 12 முதல் 15. நாலாவது கிலோமீட்டருக்கும் ஆறாவதுக்கும் நடுவில்தான் கூட்டம் உடையும். அங்கே ஒருவரை நிறுத்தி, நேரத்தைச் சொல்லாமல், எதிரணியின் ஐந்தாவது ஆள் உங்கள் கூட்டத்துக்கு எத்தனை இடம் முன்னால் போகிறார் என்பதை மட்டும் கத்தச் சொல்லுங்கள்.