பாதியில் நின்ற அனிமே: வாசகர் கேள்வி – பதில்

மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் சும்மா இருந்தபோது ‘தி பிராமிஸ்ட் நெவர்லேண்ட்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரின் முதல் சீசனை ஒரே மூச்சில் பார்த்தேன். இரண்டாவது சீசனில் அஞ்சாவது எபிசோடைத் தாண்ட முடியவில்லை. என் ரசனைதான் மாறிவிட்டதா?
– வாசகர், தங்கச்சிமடம்

ரசனையில் பழுதில்லை, கணக்கில்தான். 2019இல் வந்த முதல் சீசன், மூலமான மங்காவின் (ஜப்பானியச் சித்திரக்கதை) முதல் 37 அத்தியாயங்களை 12 எபிசோடில் சொன்னது. எபிசோடுக்கு மூன்று அத்தியாயம், நிதானமான ஓட்டம். மங்கா மொத்தம் 181 அத்தியாயம். மிச்சமிருந்த 144-ஐ 2021இல் 11 எபிசோடுக்குள் முடித்துக் கட்டினார்கள். சுருக்கியதாகக்கூடச் சொல்ல முடியாது, வெட்டி எறிந்தார்கள். கோல்டி பாண்ட் என்ற வேட்டைக்களத்தில் நடக்கும் பகுதி முழுசாகக் காணோம், யூகோ என்ற முக்கியப் பாத்திரமே இல்லை. கடைசி எபிசோடில் பெரிய பெரிய நிகழ்ச்சிகளெல்லாம் அசையாப் படங்களாக ஓடி மறையும். அதைப் பார்க்காமல் விட்டது நல்லதாயிற்று.

இன்னொன்றும் உண்டு. முதல் சீசனின் பிடிமானமே ஒரு அனாதை இல்லம், ஒரு மதில், பிள்ளைகள் தப்பிக்கப் போடும் திட்டம் அவர்களை வளர்க்கும் ‘அம்மா’வுக்கு எவ்வளவு தெரியும் என்ற சந்தேகம். பிள்ளைகள் வெளியேறியதும் அந்த இழுபறி போய்விடும். மங்கா அதற்கு ஈடாக வேறு ஆபத்துகளைப் பொறுமையாகக் கட்டுகிறது. அனிமே அதற்கு இடமே தரவில்லை. மங்கா 20 தொகுதிகளில் முடிந்துவிட்டது. 5ஆம் தொகுதியை எடுத்து 38ஆம் அத்தியாயத்திலிருந்து படியுங்கள்.

‘ஸ்வோர்ட் ஆர்ட் ஆன்லைன்’ தொடக்கத்தில் மிரட்டியது. நூறு தளக் கோட்டை, விளையாட்டில் செத்தால் நிஜத்திலும் சாவு. 15ஆவது எபிசோடிலிருந்து வேறு ஏதோ கதை மாதிரி இருக்கிறது. தொடரலாமா?
– கல்லூரி மாணவி, கீழக்கரை

வேறு கதையேதான். 2012இல் வந்த அந்த 25 எபிசோடில் 14 வரைதான் அய்ன்கிராட் என்ற அந்த நூறு தளக் கோட்டை. அதன்பின் வருவது தேவதைகளின் விளையாட்டு. அங்கே தோற்றால் சாவில்லை. வாள் வீச்சில் பேர் வாங்கிய நாயகி அசுனாவைக் கூண்டில் அடைத்து வைத்தது, இந்தத் தொடர் எடுத்த ஆக மோசமான முடிவு.

ஆனால் விரிசல் அதற்கும் முன்பே விழுந்துவிட்டது. மூலமான லைட் நாவலின் (இளையோருக்கான ஜப்பானிய நாவல் வகை) முதல் தொகுதி, தொடக்க நாளைச் சொல்லிவிட்டு நேரே 74ஆம் தளத்துக்குத் தாவுகிறது. கீழ்த்தளங்களில் நடந்தவை பிற்பாடு தனித்தனிக் கதைகளாக வந்தவை. அனிமே அவற்றைக் கால வரிசைப்படி இடையில் செருகியது. அதனால்தான் எபிசோடுக்கு எபிசோடு மாதங்கள் தாவுகின்றன; ஒரு பெண் வந்து அழுதுவிட்டுக் காணாமல் போகிறாள். 75ஆம் தளத்தில் ஆட்டமே சட்டென்று முடிகிறது.

14ஆவது எபிசோடோடு நிறுத்திக்கொள்ளலாம், அது நல்ல முடிவு. கோட்டை மேல் ஆசை தீரவில்லை என்றால் ‘புரொகிரெசிவ்’ வரிசைக்குப் போங்கள். முதல் தளத்திலிருந்து ஒவ்வொரு தளமாக ஏறும் கதை. நாவல்கள் உண்டு, 2021லும் 2022லும் திரைப்படங்களும் வந்தன.

ஒரு தொடர் பாதியில் சொதப்பும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகர், மண்டபம்

ஓரளவு உண்டு. முதலில், மூலக்கதை முடிந்துவிட்டதா என்று பாருங்கள். ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ 2003இல் வந்தபோது மங்கா முடியவில்லை. 51 எபிசோடு கொண்ட அந்தத் தொடர் பாதிக்கு மேல் சொந்த வழியில் போனது. 2009இல் தொடங்கிய ‘பிரதர்ஹுட்’ 64 எபிசோடில் மங்காவின் முடிவு வரை சென்றது. அடுத்து, பக்கக் கணக்கு. 12 எபிசோடுக்கு மூன்று நான்கு லைட் நாவல் தொகுதிகள் என்றால் மூச்சு முட்டாது. ஆறேழைத் திணித்தால் உலகத்தின் விதிகளைச் சொல்லும் பகுதிதான் முதலில் கத்தரிக்கப்படும். பிறகு யார் ஏன் ஜெயித்தார் என்றே புரியாது. ஸ்டூடியோ மாறுகிறதா என்றும் கவனியுங்கள். ‘தி செவன் டெட்லி சின்ஸ்’ 2019 சீசனில் ஏ-1 பிக்சர்ஸிடமிருந்து ஸ்டூடியோ டீனுக்குப் போனது. சண்டைக் காட்சிகளின் தரம் சரிந்ததைப் பார்த்தவர் எல்லாரும் அறிவார்கள்.

மூன்று எபிசோடு பார்த்து முடிவு செய் என்பார்கள். மாயாஜாலக் கதைக்கு அது போதாது. புது உலகம் காட்டும் கவர்ச்சியிலேயே மூன்றும் ஓடிவிடும், தவிர முதல் எபிசோடுக்குத்தான் நல்ல ஆட்களைப் போடுவார்கள். ஆறு வரை பாருங்கள். தொடக்க, முடிவுப் பாடல்களுக்கு ஒன்றரை ஒன்றரை நிமிடம் கழித்தால் ஒரு எபிசோடு ஏறக்குறைய 21 நிமிடம்தான். போனால் இரண்டு மணி நேரம்.

கடலுக்குப் போகும்போது போனில் பார்ப்பேன். ராத்திரிச் சண்டையெல்லாம் கட்டம் கட்டமாக, கறுப்பாகத் தெரிகிறது. அதனாலேயே சலித்துப்போய் விட்டுவிட்டேன்.
– வாசகர், பாம்பன்

இது கதையின் குற்றமில்லை. குறைந்த தரத்தில் பதிவிறக்கினால் இருட்டு நிறங்கள்தான் முதலில் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். செயலியின் அமைப்பில் பதிவிறக்கத் தரத்தைக் கூட்டி, வீட்டு வைஃபையில் இறக்குங்கள். பேட்டரி சேமிப்பு வெளிச்சத்தைக் குறைக்கும், அதை அணைத்துவிடுங்கள். ஆடும் படகில் சப்டைட்டில் படிப்பதும் சிரமம். ‘சோலோ லெவலிங்’ போலத் தமிழ் டப்பிங் உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். இறக்கியவற்றுக்குக் காலக்கெடு உண்டு. கரையில் இருக்கும்போதே விமானப் பயன்முறையைப் போட்டு, ஒவ்வொன்றும் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.