ஸ்கான் பண்ண 2,500, பிழை பார்க்க 7,500: எஞ்சின் லைற்றுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “என்னுடையது 2012ஆம் ஆண்டு டொயோட்டா விற்ஸ். இரண்டு கிழமையாக மீற்றரில் மஞ்சள் எஞ்சின் லைற் எரிகிறது. கார் ஓடுகிறது, ஆனால் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் கொஞ்ச நேரம் நடுங்குகிறது. ஒரு கராஜில் ஸ்கான் பண்ண 2,500 ரூபா என்றார்கள். இன்னொரு இடத்தில் பிழை பார்க்க 7,500. மூன்றாவது இடத்தில் ஸ்கான் இலவசம். பி0171 என்று கோட் வந்திருக்கிறது, ஒட்சிசன் சென்சர் மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஒரே வேலைக்கு ஏன் மூன்று விலை? நானே ஒரு ஸ்கானர் வாங்கிவிடலாமா?”

அது ஒரே வேலை இல்லை. முதலாமவர் கோட்டை, அதாவது காரின் கம்பியூட்டர் பதிந்துவைத்த பிழை எண்ணை, வாசித்துச் சொல்லக் காசு கேட்டிருக்கிறார். இரண்டாமவர் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கக் கேட்டிருக்கிறார். மூன்றாமவர் சாமான் விற்கிறார். ஸ்கான் காசு சென்சரின் விலைக்குள் இருக்கும்.

கோட் வாசிப்பது ஐந்து நிமிட வேலை. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு நேரே, 16 முனை உள்ள ஒரு சொக்கற் இருக்கும். அதற்கு ஓபிடி 2 என்று பெயர். அமெரிக்காவில் 1996 மொடல் கார்களில் இருந்து கட்டாயமாக்கினார்கள், பிறகு மற்ற நாடுகளும் அந்த வழிக்கு வந்தன. அதில் ஸ்கானரைச் செருகினால் கோட் திரையில் வந்துவிடும். அமெரிக்காவில் சில பெரிய உதிரிப்பாகக் கடைகளில் இதை இலவசமாகவே செய்து கொடுக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் மச்சான் “இதுக்கும் அங்க காசு வாங்கீனமோ” என்று போனில் சிரித்தால், அவர் சொல்வது இந்த ஐந்து நிமிடத்தை. அங்கேயும் காரணத்தைத் தேடச் சொன்னால் மணிக்கணக்கில் கூலி எழுதுவார்கள்.

சரி, பி0171 என்ன சொல்கிறது? கலவையில் காற்று கூட, பெற்றோல் குறைவு என்கிறது. அவ்வளவுதான். எந்தச் சாமான் பழுது என்று அதில் இல்லை. இந்தக் குறையைக் கம்பியூட்டருக்குத் தெரிவிப்பதே புகைக்குழாயில் இருக்கும் அந்த ஒட்சிசன் சென்சர்தான். அது உள்ளதைச் சொல்லியிருக்கிறது. உள்ளதைச் சொன்ன குற்றத்துக்கு அதைக் கழற்றி எறியச் சொல்கிறார்கள். சென்சர் கெட்டும் இந்தக் கோட் வரலாம், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் சந்தேகப்பட வேண்டியவை வேறு: எஞ்சினுக்குள் களவாகக் காற்றை விடும் வெடித்த ஹோஸ், உள்ளே போகும் காற்றை அளக்கும், தூசி படிந்த எயார் ஃப்ளோ சென்சர், பெற்றோலைத் தெளிக்கும், அடைத்துப்போன இன்ஜெக்டர், களைத்துப்போன பெற்றோல் பம்ப்.

இவற்றில் எது என்று பிரித்தறிவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களிடம் கேட்ட 7,500 ரூபா போக வேண்டிய இடம் இதுதான். நல்ல ஸ்கானரில் கோட்டுக்கு அப்பால் எஞ்சின் ஓடும்போதே எண்கள் மாறுவதைப் பார்க்கலாம். அதில் ‘லோங் ரேம் ஃபியூல் ட்ரிம்’ என்று ஒரு வரி இருக்கும். கம்பியூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை வீதம் பெற்றோலைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்பதே அந்த எண். நல்ல எஞ்சினில் பூச்சியத்தை ஒட்டி, கூடிப்போனால் 10 வீதத்துக்குள் நிற்கும். பி0171 வந்த காரில் கூட்டல் 20, 25 என்று நிற்பது வழக்கம்.

வேலை தெரிந்த மெக்கானிக் எஞ்சினைச் சூடாக்கி, ஐடிலில், அதாவது அக்சிலேற்றரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, அந்த எண்ணைப் பார்ப்பார். பிறகு நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு ஏற்றி அப்படியே பிடித்துக்கொண்டு மறுபடி பார்ப்பார். ஐடிலில் 22 ஆக இருந்தது இப்போது 5க்கு இறங்கினால் களவுக் காற்று என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம். அதில் ஒரு சின்ன வெடிப்பால் வருவது பெரிய பங்கு. சுற்றுக் கூடினால் அதே வெடிப்பு கணக்கில் எடுபடாது. மாறாக, ஐடிலில் ஓரளவு சரியாக இருந்து, சுற்று ஏற ஏற எண்ணும் ஏறினால் பெற்றோல் போதவில்லை, அல்லது எயார் ஃப்ளோ சென்சர் காற்றைக் குறைத்துச் சொல்கிறது. இந்த ஒரு பரிசோதனையிலேயே சந்தேகப் பட்டியலில் பாதி கழிந்துவிடும். ஒரு சாமானும் கழற்றவில்லை, கவனித்தீர்களா?

காலையில் நடுங்குகிறது என்கிறீர்கள். அதனால் என் சந்தேகம் ஹோஸ் பக்கம். ரப்பர் குளிரில் சுருங்கி வெடிப்பைத் திறந்துவிடும், சூடானதும் ஓரளவு மூடிக்கொள்ளும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்கள் திரும்ப வரத் தொடங்கியது 2025இல். ஆகவே நம் வீதிகளில் ஓடும் விற்ஸ், அக்ஸியோ, வகன் ஆர் பெரும்பாலும் வயதுபோனவை. யாழ்ப்பாணத்து வெயிலில் வெந்த அவற்றின் ரப்பருக்கும் அதே வயது. போதாக்குறைக்கு எலி. வாரக்கணக்கில் நிறுத்திவைத்த காரின் பொனற்றைத் திறந்தால் வயரும் ஹோஸும் கடிபட்டுக் கிடப்பதைப் பார்க்கலாம். வெடிப்பு எங்கே என்று காண எஞ்சினுக்குள் புகை செலுத்தி, அது எங்கே கசிகிறது என்று பார்க்கும் கருவி இருக்கிறது. அது இல்லாத கராஜில் கார்பரேற்றர் கிளீனரை ஒவ்வொரு ஹோஸ் மூட்டிலும் துளி துளியாக அடித்து, எஞ்சின் சத்தம் எங்கே மாறுகிறது என்று காது கொடுப்பார்கள். தீப்பிடிக்கக்கூடிய திரவம், சூடான எஞ்சின்; நீங்கள் வீட்டில் செய்ய வேண்டாம்.

கடைசியில் பழுது ஒரு சாண் ரப்பர் ஹோஸாக இருந்தால் ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்று எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் ஹோஸைக் கண்டுபிடித்ததற்குத்தான் அந்தக் கூலி. அதைக் கொடுக்க மறுத்து சென்சர், பிறகு பிளக், பிறகு பெற்றோல் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவர்கள்தான் உண்மையில் அதிகம் செலவழிக்கிறார்கள். கழற்றிய நல்ல சாமானை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது. அதோடு இன்னொன்று: பல டொயோட்டா எஞ்சின்களில் முன்னால் இருப்பது சாதாரண ஒட்சிசன் சென்சர் இல்லை, எயார் ஃபியூல் சென்சர். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அந்த இடத்தில் மலிவான சாதாரண சென்சரைப் பூட்டினால் பழைய பிழையோடு புதுப் பிழையும் சேரும்.

ஆகவே 7,500 கேட்டவரிடம் போங்கள், ஆனால் சாவியைக் கொடுக்க முதல் பேசிக்கொள்ளுங்கள். அந்தக் காசுக்குள் என்னென்ன பார்ப்பார், கசிவு பார்ப்பதும் அடங்குமா, அவரிடமே திருத்தினால் அந்தத் தொகையைக் கழிப்பாரா, காரணம் பிடிபடாவிட்டால் எவ்வளவு எடுப்பார் என்று கேளுங்கள். “அண்ணை, ஃபியூல் ட்ரிம் எவ்வளவு காட்டுது?” என்று ஒரு கேள்வியும் போடலாம். வேலை தெரிந்தவர் சந்தோஷமாகத் திரையைத் திருப்பிக் காட்டுவார். திரையைப் பார்க்காமலே சென்சர் என்றால் அவருக்கும் மூன்றாமவருக்கும் வித்தியாசம் 7,500 ரூபா மட்டும்.

கோட்டை யாரும் அழிக்க முதல் திரையைப் போனில் படம் எடுங்கள். பிழை வந்த நேரத்தில் வேகம் என்ன, எஞ்சின் சூடு என்ன, சுற்று என்ன என்று கம்பியூட்டர் ஒரு பதிவு வைத்திருக்கும்; அழித்தால் அதுவும் போய்விடும், அடுத்த மெக்கானிக் இருட்டில் தடவ வேண்டியதுதான். பற்றரி வயரைக் கழற்றினாலும் பெரும்பாலும் இதே கதை. அழித்தவுடன் லைற் அணைவதைத் திருத்தம் என்று நம்பாதீர்கள். பல பிழைகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தெரிந்த பிறகுதான் லைற்றை மறுபடி ஏற்றும். காசு வாங்கியவர் நல்லவர் என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்லி முடிக்கும்போது அது திரும்ப எரியும்.

லைற் நிலையாக எரிந்தால் இரண்டு மூன்று நாள் நிதானமாக ஓடலாம். மின்னினால் ஓடக்கூடாது. சிலிண்டரில் எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குப் போய், அங்கே புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரைச் சுட்டுக் கெடுக்கும், அதன் விலைக்கு முன்னால் எந்த ஸ்கான் காசும் தூசு. பெற்றோல் மூடியை இறுக்கிப் பூட்டச் சொல்லும் அமெரிக்க வீடியோக்களும் உங்களுக்குப் பெரிதாக உதவாது. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கார்களில், மூடியால் பெற்றோல் ஆவி கசிகிறதா என்று பார்த்து லைற்றை ஏற்றும் அந்தச் சோதனை பெரும்பாலும் இல்லை.

அக்குவா, பிரியஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். மலிவு ஸ்கானர் ஹைபிரிட் பகுதியை முழுதாக வாசிக்காது, அதனால் கூடுதல் காசு கேட்பது நியாயம். ஹைபிரிட் பற்றரி பழுது என்னும் பி0ஏ80 கோட் வந்ததும் புதுப் பற்றரி வாங்க ஓடாதீர்கள். பற்றரிக்குள் இருக்கும் ஒவ்வொரு புளொக்கின் வோல்ற்றேஜையும் தனித்தனியே காட்டச் சொல்லுங்கள்.

இனி ஸ்கானர் வாங்குவது பற்றி. ஈஎல்எம் 327 என்ற பெயரில் விற்கும் புளூடூத் டொங்கிளை (அந்த ஓபிடி சொக்கற்றில் செருகும் சின்னக் கருவி) போனோடு இணைத்துக் கோட்டையும், மேலே சொன்ன ஃபியூல் ட்ரிம்மையும் பார்க்கலாம். வாங்கலாம், நல்லது. சந்தையில் அதிகம் கிடைப்பது போலிப் பிரதிகள் என்பதையும், ஜப்பான் சந்தைக்கென வந்த பழைய கார்களில் சிலவற்றோடு அவை இணையாது என்பதையும் மனதில் வையுங்கள். காரில் செருகிப் பார்த்த பிறகு காசு கொடுக்கும் கடையாகப் பார்த்து வாங்குங்கள். இரவில் காரிலேயே செருகி விடாதீர்கள், பற்றரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும்.