ஏஜென்டுக்கு ரூ.3,000 கொடுக்க வேண்டாம்

சகோதரி, திருவொற்றியூரில் இருந்துகொண்டு, மூளை முடக்குவாதம் உள்ள ஐந்து வயது மகனுக்கு யூ.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) எடுத்துத்தர ஒருவர் ரூ.3,000 கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள். மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பம் இலவசம், மொபைலிலேயே போடலாம்.

உங்கள் பக்கம் ஒரு சிக்கல் உண்டு. 2018-இல்தான் திருவொற்றியூர் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. பழைய ஆதாரில் இன்னும் 'திருவள்ளூர்' என்று இருக்கலாம். அப்படி இருந்தால் முதலில் அதைத் திருத்திவிடுங்கள். இல்லையென்றால் மாவட்டம் ஒத்துப்போகாமல் அலைய நேரிடும்.

பாதிப்பின் அளவை மதிப்பிடும் மருத்துவப் பரிசோதனைக்குப் போகும்போது, பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், பிசியோதெரபி சீட்டு எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். மகனால் உட்கார, பிடிக்க, விழுங்க முடியாததை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். "பரவாயில்லை, சமாளிக்கிறோம்" என்கிற நம்ம ஊர் பேச்சு அங்கே வேண்டாம், டாக்டர் போடும் பாதிப்புச் சதவீதத்தில்தான் எல்லாமே இருக்கிறது. 40-க்குக் கீழே வெள்ளை அட்டை, 80-க்குக் கீழே மஞ்சள், அதற்கு மேல் நீலம்.

கடுமையான பாதிப்பு, அதாவது 75 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் மாதம் ரூ.2,000 பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். நிராமயா என்கிற மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு தனி. ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை, தெரபி செலவும் அதில் வரும்.

அப்புறம், பரிசோதனைக்குப் பிறகு தற்காலிக மாற்றுத்திறன் சான்றிதழ் கொடுத்தால் காலாவதித் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.