வசதி குறைந்த இடங்களில் கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பதால் உண்மையிலேயே பயன் உண்டா?

உண்டு. ஆனால் ஒழுங்காக அளந்தால்தான். சிறிய சுகாதார நிலையங்களில் பல வருடங்கள் செவிலியராக இருந்தவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் கர்ப்பிணிகள் பதிவேட்டைப் புரட்டினேன். 120/80, 110/70, 120/80 என்று பக்கம் பக்கமாக ஒரே எண்கள். இத்தனை பேருக்குமா என்று சந்தேகப்பட்டுக் கருவியை எடுத்துப் பார்த்தேன். ரப்பர் குமிழில் விரிசல். அழுத்த அழுத்தக் காற்று விரிசல் வழியே சீறியதே தவிர, பாதரசம் 60-ஐத் தாண்டவில்லை. அப்படியானால் 120 எங்கிருந்து வந்தது என்று அன்று யாரிடமும் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. இன்றும் அது உறுத்துகிறது.

ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு, அதாவது 20 வாரம் கடந்தபின், அழுத்தம் 140/90-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். அதோடு சிறுநீரில் புரதமும் இருந்தால் பிரீஎக்ளாம்ப்சியா என்பார்கள். நஞ்சுக்கொடியில் தொடங்கி சிறுநீரகம், கல்லீரல், மூளை வரை பாதிக்கும் நோய் இது. முற்றினால் வலிப்பு வரும். பெரும்பாலும் தொடக்கத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்பாள். உண்மையும் அதுதான், அந்த நிமிடத்துக்கு.

வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் இருக்கிறது. பழைய மருந்து, விலையும் அதிகமில்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002-இல் வெளியான மேக்பை ஆய்வு, அது வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் மேல் குறைப்பதைக் காட்டியது. ஆனால் அந்த ஊசி யாருக்குத் தேவை என்று முதலில் தெரிய வேண்டுமே!

லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஆண்ட்ரூ ஷென்னன் குழுவினர் இதற்காகவே கிரேடில் என்ற கருவியை உருவாக்கினார்கள். கையால் காற்றடிக்க வேண்டும். செல்போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறிவிடும். எண்ணோடு சேர்த்து பச்சை, மஞ்சள், சிவப்பு என ஒரு விளக்கும் எரியும். 160/110-ஐ எட்டினால் சிவப்பு. நாடித்துடிப்பை மேல் அழுத்தத்தால், அதாவது முதல் எண்ணால், வகுத்துப் பார்ப்பதால், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கில் உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் அதிர்ச்சி நிலைக்கு (ஷாக்) போகிறவளையும் அது காட்டிக்கொடுக்கும். எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பகுதிதான். கீழே இறங்கும் அழுத்தத்தை நாங்கள் பலமுறை தவறவிட்டிருக்கிறோம்.

இதே போன்ற விளக்கு வைத்த கருவி ஒன்றை நானும் பயன்படுத்தியிருக்கிறேன். முதுகுவலி என்று வந்த எட்டு மாதக் கர்ப்பிணிக்கு 164/112. "நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோமே, சிஸ்டர்" என்றார் கணவர். எண்ணைச் சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. கருவியை அவர் பக்கம் திருப்பினேன். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் வண்டி பிடிக்க எழுந்துவிட்டார்.

அதற்காகக் கருவியைக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஆப்பிரிக்கா, இந்தியா, ஹைத்தி என 10 இடங்களில், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை வைத்து கிரேடிலைச் சோதித்தார்கள். வலிப்பு, தாய் மரணம், அவசரமாகக் கருப்பையை அகற்றுவது ஆகியவை குறைந்தன. ஆனால் காலப்போக்கில் தானாகவே நடந்துகொண்டிருந்த குறைவைக் கழித்துப் பார்த்தபோது, கருவியால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. சிவப்பு எரிந்தபின் வண்டியும் மருந்தும் மருத்துவரும் இல்லையென்றால் அந்த விளக்கு என்ன செய்யும்?

அளப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வந்தவுடன் பார்க்காமல் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். அதற்குமுன் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் படிய வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். மூன்றாம் மாத அளவைக் கட்டாயம் குறித்து வையுங்கள். அப்போது 96/60 இருந்தவளுக்கு எட்டாம் மாதம் 134/86 என்றால், 140-ஐத் தொடவில்லையே என்று நான் விடமாட்டேன். சில நாளிலேயே மறுபடி வரச் சொல்வேன். 160/110 வந்தால் 15 நிமிடத்துக்குள் மீண்டும் பாருங்கள், அதற்குள்ளேயே வண்டிக்குச் சொல்லி அனுப்புங்கள். கடுந்தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இருந்தால் எண் எதுவானாலும் அனுப்பிவிடுங்கள். கருவி பழுதாக இருந்தால் பதிவேட்டில் 'பார்க்கவில்லை' என்று எழுதுங்கள்.