கடிதமும் பதிலும்: சனிக்கிழமை ஓவிய வகுப்பு

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு அச்சகத்தில் டிசைனராக இருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் என் கம்ப்யூட்டரில்தான் தயாராகின்றன. ஓவியத்தில் லோயர், ஹையர் பரீட்சைகள் முடித்து, டிராயிங் டீச்சர் ஆவதற்கான டி.டி.சி. சான்றிதழும் வாங்கினேன். டிராயிங் டீச்சர் வேலை கிடைக்கவில்லை. ராத்திரி வீட்டு வேலை முடிந்ததும் கொஞ்சம் வாட்டர் கலர் வரைவேன். அதை மட்டும் விடவில்லை.

எங்கள் பக்கத்தில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கலைப்பள்ளி நடத்துகிறார்கள். பழைய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஓவியம், பறை, களிமண் வேலை என்று சனி, ஞாயிறு வகுப்புகள். யார் வேண்டுமானாலும் சேரலாம். ஓவிய வகுப்புக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்த்தேன். எட்டு வயதுப் பிள்ளைகளும் ரிட்டயர் ஆன பேங்க் அதிகாரி ஒருவரும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெற்றோர்களின் முதல் கேள்வியே, "எப்பம் போட்டிக்கு அனுப்புவீங்க? சர்டிபிகேட் உண்டா?" என்பதுதான். தருவதாகச் சொன்ன பணம் வண்டிப் பெட்ரோலுக்கும் டீக்கும் சரியாகப் போகும். நான் காலேஜில் படித்த ஓவியர் இல்லை. வாரம் முழுக்கக் கண் எரிய வேலை பார்த்துவிட்டு, இருக்கிற ரெண்டு நாளையும் அங்கே கொடுத்துவிட்டால் என் படம் என்ன ஆகும்? போகலாமா, வேண்டாமா?

ஒரு வாசகி, பாளையங்கோட்டை

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

போங்கள். ஆனால் இரண்டு நாளும் வேண்டாம். சனிக்கிழமை மட்டும், இரண்டரை மணி நேரம் என்று சொல்லிவிடுங்கள். ஞாயிறு உங்களுக்கு. அந்தச் சனிக்கிழமையும் உங்கள் படத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பாதி வரைந்த தாளைப் பலகையோடு தூக்கிக்கொண்டு போங்கள். பிள்ளைகள் வரையும்போது நீங்களும் அவர்கள் கண்ணில் படும்படி உட்கார்ந்து வரையுங்கள். 'என் படம் என்ன ஆகும்' என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்.

நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வளர்ந்த ஓர் ஆள் உட்கார்ந்து படம் வரைவதைப் பார்த்ததே கிடையாது. முடிந்த படத்தைப் பார்த்திருக்கிறார்கள். யூடியூபில் வேகமாக ஓட்டிவிட்ட கையைப் பார்த்திருக்கிறார்கள். நீலத்தைக் கலக்கி, வேறொரு தாளில் தடவிப் பார்த்து, சரியில்லை என்று தண்ணீர் விட்டு, மறுபடி தடவி, ஈரம் காயும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளை அவர்கள் பார்க்க வேண்டும். காத்திருப்பதும் வேலைதான் என்பதை வாயால் சொல்லி விளங்கவைக்க முடியாது. பார்த்தால் ஒரே வாரத்தில் புரிந்துவிடும்.

காலேஜில் படிக்கவில்லை என்று தயங்குகிறீர்கள். கோவில்பட்டியை நினைத்துப் பாருங்கள். ஓவியர் கொண்டையராஜு நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு வந்து, 1940களில் அந்த ஊரில் தங்கிவிட்டவர். டி.எஸ். சுப்பையா, ராமலிங்கம் என்று அவரிடம் வந்து சேர்ந்தவர்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் செய்கிற வேலையில் கைகொடுத்துத்தான் தொழில் படித்தார்கள். அவர்கள் எழுதிய முருகனும் லட்சுமியும் சிவகாசியில் காலண்டராக அச்சாகித் தமிழ்நாட்டு வீட்டுச் சுவர்களில் எல்லாம் இடம்பிடித்தார்கள். காலண்டர் படம்தானே என்று ஒதுக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஒரு சின்ன ஊரில், சம்பாத்தியத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்த அறையிலேயே அத்தனை ஓவியர்கள் உருவானார்கள். நீங்கள் போகப்போகிற பழைய வீட்டுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

அச்சக வேலையையும் குறைத்து நினைக்காதீர்கள். உங்களுக்கு எழுத்து தெரியும். ஒரு கொடை நோட்டீஸில் அம்மன் பேர் எவ்வளவு பெரிதாக வர வேண்டும், திருவிழா வரி தருபவர்கள் பெயர்ப் பட்டியலை எப்படி நெருக்காமல் அடுக்க வேண்டும் என்று தெரியும். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் இந்த வேலையைப் பிரஷால் செய்தவர்கள் ஊருக்கு ரெண்டு பேராவது இருந்தார்கள். அவர்களில் ஒருவரைத் தேடிப்பிடித்து ஒரு நாள் வகுப்புக்குக் கூட்டிவாருங்கள். தட்டைப் பிரஷை ஒரே இழுப்பில் வளைத்து அவர் 'ழ' போடுவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். அப்புறம் அவரவர் பேரை அவரவர் எழுதட்டும். அவருக்கும் அன்றைய கூலியைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இனி வகுப்புக்கு வருவோம். எதை வேண்டுமானாலும் வரையுங்கள் என்று தாளைக் கொடுத்தால் முக்கால்வாசிப் பிள்ளைகள் என்ன வரைவார்கள் என்று உங்களுக்கே தெரியும். ரெண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் குடிசை, ஒரு மரம். அதைக் குறை சொல்லாதீர்கள். "இது காலையா, சாயங்காலமா?" என்று மட்டும் கேளுங்கள். காலை என்பார்கள். நம் ஊருக்கு மலை மேற்கே இருக்கிறது. பொதிகைப் பக்கம் சூரியன் இறங்கத்தான் செய்யும். உதிப்பதெல்லாம் திருச்செந்தூர்ப் பக்கம், சமவெளியில். சாயங்காலம் மொட்டை மாடியில் ஏறிப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் வந்து சொல்லச் சொல்லுங்கள். மழை பெய்து வெறித்த நாளாக இருந்தால் இன்னும் நல்லது. தூரத்து மலை பச்சையாக இராது, நீலமாக இருக்கும்; அதற்குப் பின்னால் தெரிகிற மலை இன்னும் வெளிறிய நீலம். மலைக்குப் பச்சைதான் அடிக்க வேண்டும் என்று நம்பியிருந்த பிள்ளை, "மிஸ், மலை நீலமா இருக்கு" என்று ஓடிவருமே, அதைவிடப் பெரிய பாடம் அந்த வருடத்தில் நீங்கள் எடுக்கப்போவதில்லை.

அப்புறம் பனை. கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் பனை நிற்கிற நாட்டில் பிள்ளைகள் பனைக்கும் தென்னை ஓலையைத்தான் போடுகிறார்கள். மட்டையோடு ஒரு பனையோலையைக் கொண்டுபோய் நடுவில் வையுங்கள். விரிந்து நிற்கிற ஓலை, நுனியில் பிளவுகள், மடிப்புக்கு மடிப்பு மாறுகிற வெளிச்சம், மட்டையின் இரண்டு ஓரமும் ரம்பப் பல் மாதிரிக் கருக்கு. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பதனமாக, கருக்கை விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டுப் பார்த்த பிள்ளை அந்த ஓரத்தை வழவழ என்று வரையாது. இந்த ஓர் ஓலையை வைத்தே மூன்று வாரம் ஓட்டலாம். முதல் வாரம் கோடு மட்டும், அடுத்த வாரம் நிழல், அதற்குள் ஓலை காய்ந்து நிறம் மாறியிருக்கும், அதையும் வரையலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பிள்ளையின் தாளில் உங்கள் பென்சில் படவே கூடாது. "இப்படிப் போடும்மா" என்று ஒரு கோடு நீங்கள் போட்டுவிட்டால் அந்தப் படம் பாதி உங்களுடையது ஆகிவிடும். பிள்ளைக்கு அது உடனே தெரியும். திருத்த வேண்டியதை உங்கள் தாளில் வரைந்து காட்டுங்கள்.

பேங்க் அதிகாரி விஷயம் வேறு. வாழ்க்கை முழுக்கக் கணக்கில் ஒரு பைசா தவறாமல் பார்த்தவர், கோடு கோணினால் தாங்க மாட்டார். அவரிடமிருந்து ரப்பரை வாங்கி வைத்துவிடுங்கள். பேனாவைக் கொடுத்து, தாளைப் பார்க்காமல் தன் இடது கையை மட்டும் பார்த்து வரையச் சொல்லுங்கள். கோணல்மாணலாக வரும். ஆனால் அந்த விரல் முட்டிகள் அவருடைய விரல் முட்டிகளாக இருக்கும். பக்கத்தில் இருக்கிற எட்டு வயதுப் பிள்ளை பயமில்லாமல் போடுவதை அவர் பார்க்கட்டும். அவர் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதைப் பிள்ளை பார்க்கட்டும். வயது கலந்த வகுப்பு உங்களுக்குச் சிரமமாகத் தெரியலாம். பிரித்துவிடாதீர்கள். இப்படி ஒரு வகுப்பு வேறு எங்கேயும் எளிதில் அமையாது. அரசு நடத்துகிற ஜவகர் சிறுவர் மன்றத்தில்கூட 5 முதல் 16 வயது வரைதான்.

பெற்றோர்களோடு சண்டை வேண்டாம். போட்டிக்குப் போக ஆசைப்படுகிற பிள்ளை போகட்டும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவர்களைக் கூப்பிட்டுப் படங்களைக் கொடி கட்டித் தொங்கவிடுங்கள். முடிந்த படத்தை மட்டும் போடாதீர்கள். அதற்கு முன்னால் வரைந்து பாதியில் விட்டதையும் வரிசையாகப் போடுங்கள். கழுகுமலை வெட்டுவான் கோயில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்திருக்கிறார்கள். சிகரமும் சிற்பங்களும் உருவாகிவிட்டன, அடிப்பகுதி முடியவில்லை. அது பாதியில் நின்றதால்தான் வேலை எந்த வரிசையில் நடந்தது என்பதை நாம் கண்ணால் பார்க்க முடிகிறது. தன் மகள் எங்கே தொடங்கி எங்கே வந்திருக்கிறாள் என்று அப்படி ஒரு தடவை பார்த்துவிட்ட அம்மாவுக்குச் சர்டிபிகேட் தாளைவிட அது பெரிது.

பணம். இதைக் கூச்சப்படாமல் பேசுங்கள். அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை போன்றவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 2012இல் நியமித்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். அது 10,000 ஆக 2021 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஆகவே அச்சக வேலையை இதற்காக விட்டுவிடாதீர்கள். அந்தக் கலைப்பள்ளிக்காரர்களும் கைக்காசு போட்டுத்தான் நடத்துவார்கள், தெரியும். பெரிய தொகை கேட்க வேண்டாம். ஒரு வகுப்புக்கு இவ்வளவு என்று பேசி, மாதக் கடைசியில் கைக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லுங்கள். தாள், கலர் செலவு உங்கள் தலையில் விழக்கூடாது. சேவை என்ற பேரில் சும்மா வரச்சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். இன்று நீங்கள் சும்மா செய்தால், நாளை அங்கே வந்து நிற்கிற இன்னொரு பெண்ணும் சும்மா செய்ய வேண்டிவரும்.

வகுப்பு கொஞ்சம் பிடிபட்டதும் எல்லாரையும் கிருஷ்ணாபுரம் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். திருச்செந்தூர் ரோட்டில் பக்கம்தான். வீரபத்திரர், ரதி, குறவன் சிலைகளில் நகமும் நரம்பும் எப்படி எழும்பி நிற்கின்றன என்று பார்க்கட்டும். முழுச் சிலையையும் வரைய வேண்டாம், ஆளுக்கு ஒரு கை, ஒரு கால் போதும். காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். தேதி முடிவானதும் எழுதுங்கள், நானும் வந்து சேர்ந்துகொள்கிறேன்.

அன்புடன்,
அண்ணாச்சி