முழங்கால் வலியோடு அம்மா கிரிவலம் போகலாமா?

சேலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் தேய்மானம். பௌர்ணமியில் ஒரு தடவையாவது திருவண்ணாமலை கிரிவலம் வரவேண்டும் என்கிறார். பாதியில் நிறுத்தினால் பலன் இல்லை என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். எப்படி அழைத்துப் போவது?"

தாராளமாக அழைத்துப் போங்கள். பௌர்ணமியை மட்டும் விட்டுவிடுங்கள்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நல்ல கால் உள்ளவருக்கே நாலைந்து மணி நேரம் ஆகும். பௌர்ணமி இரவில் வெளியூர் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், மலையைச் சுற்றத் தொடங்கும் முன்பே ஒரு நடை நடக்க வேண்டும். அதைவிடச் சிக்கல், நடுவழியில் கால் மடக்கினால் வெளியேற வழி கிடைக்காது. கூட்டம் போகிற வேகத்துக்கு அம்மாவும் போயாக வேண்டும்.

பௌர்ணமி என்றால் லட்சக்கணக்கில் திரள்வது 1990களுக்குப் பிறகு பெருகிய வழக்கம். அதற்கு முன்னும் மக்கள் சுற்றினார்கள், எல்லா நாளும் சுற்றினார்கள். மலையே சிவம் என்கிற தலத்தில் மலை எங்கே போய்விடும்?

பாதியில் நிறுத்துவது பற்றி: 1896இல் வந்து கடைசிவரை அந்த ஊரை விட்டு அகலாத ரமண மகரிஷி, அன்பர்களோடு சுற்றும்போது வழியில் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, சில சமயம் இரண்டு மூன்று நாள்கூட எடுத்துக்கொள்வார். நிறைமாதக் கர்ப்பிணியான ராணி நடப்பதுபோல மெதுவாக நடக்க வேண்டும் என்பது அவர் சொன்னது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், சொந்தக்காரர்களின் பயமுறுத்தல் தானாக அடங்கிவிடும்.

அதனால் இரண்டு நாள் தங்குவதுபோலத் திட்டமிடுங்கள். சாதாரண வாரநாள் நல்லது. முதல் நாள் விடியற்காலை நாலரைக்கே ராஜகோபுரத்திலிருந்து கிளம்புங்கள். இந்திர லிங்கம், அக்னி லிங்கம், ரமணாசிரமம், எம லிங்கம், நிருதி லிங்கம் என்று போய், வெயில் ஏறும் முன் எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்தி ஆட்டோவில் திரும்புங்கள். மறுநாள் அதே இடத்தில் இறங்கி, மேற்கே அடி அண்ணாமலை, வாயு லிங்கம், குபேர லிங்கம், ஈசானிய லிங்கம் வழியாக ஊருக்குள் வரலாம்.

செருப்பில்லாமல் நடப்பது வழக்கம்தான். ஆனால் தேய்ந்த முழங்காலுக்குத் தார் ரோடு பொல்லாதது. மெத்தென்ற கனமான காலுறை போட்டு நடக்கட்டும், கையில் ஒரு தடி இருக்கட்டும். எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று அம்மாவைப் பார்க்கும் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அப்புறம், ஊரில் தினமும் அரை மணி நேரமாவது நடக்கப் பழக்கிவிட்டு, ஒரு மாதம் கழித்துக் கிளம்புங்கள்.

கோயில் தரிசனத்தை நடந்த அன்றே வைக்காதீர்கள். வரிசையில் நிற்பது, நடப்பதைவிட முழங்காலைப் படுத்தும். போய்ச் சேர்ந்த அன்று மாலையே தரிசனத்தை முடித்துவிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து மலையைச் சுற்றட்டும்.